செம்மண்ணில் ஓடிய டயர் நிறம் மாறுவது ஏன்?

கடையிலிருந்து புதிதாக வாங்கி மாட்டிய டிராக்டர் டயர் கன்னங்கரேல் என்று பளபளக்கிறது. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள மானாவாரிப் புஞ்சைகளில் நான்கு நாள் உழுத பிறகு பார்த்தால் அதே டயர் செங்கல் நிறமாகக் காணப்படுகிறது. கழுவினால் ஓரளவு கறுக்கிறது. ஆனால் ஒரு வாரம் கழித்து, சேற்றில் இறங்காமலே, மீண்டும் பழுப்பேறுகிறது. இதைக் கண்டு, "ரப்பர் மட்டமானது" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் கழித்த இன்ஜின் ஆயிலையோ டீசலையோ துணியில் நனைத்துத் தேய்த்து டயரைக் கறுப்பாக்குகிறார்கள். ஆயுத பூஜை நெருங்கும்போது இந்த வேலை மும்முரமாக நடக்கும்.

இவற்றில் முதலாவது தவறான முடிவு. இரண்டாவது டயரின் ஆயுளைக் குறைக்கும் செயல். டிராக்டரின் பின்சக்கர டயர் ஒரு ஜோடி வாங்கப் பல பத்தாயிரம் ரூபாய் வேண்டியிருக்கிறது. ஆகவே டயரில் ஏறும் நிறம் எங்கிருந்து வருகிறது, அதில் எது தீங்கற்றது, எது எச்சரிக்கை என்பதை உழவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

டயர் கறுப்பாக இருப்பது ஏன்?

ரப்பர் மரத்திலிருந்து வடியும் பால் வெண்மையானது. அதிலிருந்து செய்த தொடக்க கால டயர்களும் வெளிர் நிறமாகவே இருந்தன. 1910-க்குப் பிறகுதான் ரப்பருடன் கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூளைப் பெருமளவில் சேர்க்கத் தொடங்கினார்கள். அகல் விளக்கின் சுடர்மேல் தட்டைப் பிடித்தால் படியும் மை எப்படிப்பட்டதோ, ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான் இதுவும். எண்ணெயைப் போதிய காற்றில்லாமல் எரித்து ஆலைகளில் இதைத் தயாரிக்கிறார்கள். இன்றைய டயர் ரப்பரில் ஏறத்தாழ கால் பங்கு இந்தக் கரித்தூளே.

அழகுக்காகச் சேர்க்கப்படுவதல்ல இது. கரித்தூள் சேர்ந்த ரப்பர் தேய்மானத்தைப் பன்மடங்கு தாங்குகிறது. இழுவிசையில் எளிதில் கிழிவதில்லை. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் உள்ளே இறங்கி ரப்பரைக் கெடுக்காமலும் தடுக்கிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயரின் கறுப்பு மேலே அடித்த வண்ணமல்ல. உள்ளும் புறமும் ஒன்றாகக் கலந்திருப்பது. மண்ணில் ஓடுவதால் அந்தக் கறுப்பு வெளுத்துப் போவதில்லை. நாம் காணும் நிற மாற்றம் மேற்பரப்பில் படிவதாலோ, மேற்பரப்பு தேய்வதாலோ ஏற்படுவதேயாகும். புது டயரின் பளபளப்புங்கூட அச்சில் வார்க்கும்போது கிடைக்கும் வழவழப்புதான். முதல் நாள் உழவிலேயே அது போய்விடும். அதனால் டயருக்கு இழப்பு எதுவுமில்லை.

செம்மண் ஏற்றும் நிறம்

திருவண்ணாமலை, செங்கம், போளூர் வட்டாரங்களில் புஞ்சை நிலங்களில் பெரும்பாலானவை செம்மண் நிலங்கள். கருங்கல் பாறைகள் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உண்டானது இந்த மண். பாறையிலிருந்த இரும்பு, காற்றிலுள்ள உயிர்க்காற்றுடன் சேர்ந்து இரும்பு ஆக்சைடாக மாறி, களித்துகள்களின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. கோயில் மதில்களில் சுண்ணாம்புப் பட்டைகளுக்கிடையே அடிக்கும் காவிக்கும் நிறம் தருவது இதே பொருள்தான். சிறிதளவு இருந்தாலே போதும், மண் முழுவதையும் சிவப்பாக்கிவிடும்.

செம்மண்ணில் மணலும் சரளையும் மிகுதி, களி குறைவு. ஆனால் டயரில் நிறத்தை ஏற்றுவது அந்தக் குறைந்த அளவுக் களியே. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதைவிடவும் சிறியவை களித்துகள்கள். உழவின்போது சரளையும் மணலும் உராய்ந்து ரப்பரின்மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகின்றன. களித்துகள்கள் அந்தக் கீறல்களுக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. அதனால்தான் தண்ணீரை மேலோட்டமாக ஊற்றிவிட்டால் மண் கட்டிகள் விழுகின்றனவே தவிர நிறம் போவதில்லை.

ஏரி வண்டல் படிந்த கரிய நிலங்களில் நிலைமை வேறு. அந்தக் களி நீரை உறிஞ்சி உப்பும் இயல்புடையது. ஈரத்தில் பசைபோல ஒட்டும். டயரின் மேட்டுப் பட்டைகளுக்கு, அதாவது டிரைவர்கள் பட்டன் என்று சொல்வதற்கு, இடையிலுள்ள பள்ளங்களை அது அடைத்துக்கொள்ளும். பள்ளம் அடைபட்டால் டயர் தரையைக் கவ்வ முடியாமல் வழுக்கும், டீசல் வீணாகும், நிலமும் அழுந்தி இறுகும். இங்கே கவனிக்க வேண்டியது நிறத்தையல்ல, அடைப்பையே. பள்ளம் நிரம்ப மண் அப்பினால் நிலம் இன்னும் உழவுக்குப் பதமாகவில்லை என்று பொருள். ஓரிரு நாள் பொறுத்து உழுவது நலம்.

சேற்றில் சாம்பல், காய்ந்தால் துரு

சாத்தனூர் அணைப் பாசனத்திலும் ஏரிப் பாசனத்திலும் நெல் பயிரிடும் நஞ்சைகளில் சேற்றுழவு முடித்துக் கரையேறும் டிராக்டரைக் கவனித்தால் ஒரு விந்தை தெரியும். டயரில் அப்பியுள்ள சேறு சிவப்பாக இராது. சாம்பல் நிறமாகவோ, நீலம் பாய்ந்த கருமையாகவோ இருக்கும். மறுநாள் அதுவே காய்ந்து பழுப்பாகவும் துரு நிறமாகவும் மாறியிருக்கும். டயரிலிருந்துதான் துரு கசிந்ததோ என்று கருதுவோரும் உண்டு. உண்மையில் மாறியது சேறுதான்.

வயலில் தண்ணீர் தேங்கிய சில நாட்களில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அங்கிருக்கும் உயிர்க்காற்றைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு அவை இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்குகின்றன. அப்போது சிவந்த இரும்பு, நிறமற்ற, நீரில் கரையக்கூடிய வேறு நிலைக்கு மாறுகிறது. சிவப்பு நீங்கவே மண் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. தழையும் தாளும் அழுகும் வயல்களில் இரும்பு கந்தகத்துடன் சேர்ந்து கரிய நிறம் தருகிறது. அழுகிய முட்டை நாற்றமும் எழும். இத்தகைய சேறு டயரோடு வெளியே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பித் துரு நிறம் கொள்கிறது.

நெற்பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் அங்கும் துரு நிறப் பூச்சைக் காணலாம். வேர் வெளிவிடும் உயிர்க்காற்று பட்டு இரும்பு அங்கே படிவதால் உண்டாவது அது. வேரில் நிகழ்வதே டயரிலும் நிகழ்கிறது.

ரப்பர் தானே விடும் பழுப்பு

மண்ணை முழுவதும் கழுவிய பின்னரும், தார்ச் சாலையில் மட்டுமே ஓடிய டயரிலும், பக்கச் சுவரில் ஒரே சீரான பழுப்பு படர்வது ஏன்? இதற்குக் காரணம் மண் அல்ல; டயரின் உள்ளேயே இருக்கும் ஒரு காப்பு மருந்து.

காற்றில் ஓசோன் என்னும் வாயு மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. பத்துக் கோடிப் பங்கு காற்றில் சில பங்குதான். ஆனால் இழுபட்டு நிற்கும் ரப்பரை வெடிக்கச் செய்ய அதுவே போதும். பாதுகாப்பில்லாத ரப்பரை வளைத்து வெளியில் வைத்தால் வளைவின் குறுக்கே கோடுகோடாக வெடிப்புத் தோன்றுவதைக் காணலாம். டிராக்டர் டயரின் பக்கச் சுவர், சுமையேறிச் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டுத் தளர்கிறது. ஆகவே அங்கேதான் அபாயம் அதிகம்.

இதைத் தடுக்கவே டயர் ரப்பரில் ஓசோன் தடுப்பு மருந்தைக் கலக்கிறார்கள். பரவலாகப் பயன்படுவது 6பிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருள். நூறு கிலோ ரப்பரில் ஏறத்தாழ ஒரு கிலோ அளவில் இது இருக்கும். இது ரப்பருக்குள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. வந்ததும் ஓசோனை எதிர்கொண்டு, ரப்பருக்குப் பதிலாகத் தான் மாற்றமடைந்து, பழுப்பு நிறப் படலமாகப் படிகிறது. டயர் ஓடி வளையும்போதும் சூடேறும்போதும் இந்தக் கசிவு விரைவாகிறது. உழவிலோ கழுவுவதிலோ படலம் தேய்ந்தால் உள்ளிருந்து புதிதாக வந்து நிரம்புகிறது. கழுவிய டயர் ஒரு வாரத்தில் மீண்டும் பழுப்பேறுவதன் காரணம் இதுவே.

ஆக, இந்தப் பழுப்பு மட்ட ரப்பரின் அடையாளமன்று. காப்பு மருந்து வேலை செய்வதன் அடையாளம். இதன்மேல் செம்மண் தூசியும் படியும்போது நிறம் இன்னும் ஆழமாகத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்த நிறத்தைத்தான் நாம் செங்கல் நிறம் என்கிறோம்.

வெண்மையும் சாம்பலும்

சில டயர்களில், குறிப்பாக நெடுநாள் நிறுத்தி வைத்தவற்றில், வெண்ணிறப் பூச்சுப் போல ஒன்று தெரியும். மருந்துடன் ஒரு வகை மெழுகையும் ரப்பரில் சேர்த்திருக்கிறார்கள். அது மேலே வந்து படிவதால் ஏற்படும் வெண்மை அது. இதனாலும் தீங்கில்லை.

உவர் நிலத்தில் ஓடிய டயரிலும் வெண்மை தோன்றும். இது உப்பு. சேற்றிலுள்ள நீர் ஆவியானதும் உப்பு பூத்து நிற்கிறது. ரப்பரை இது அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் ரிம்மையும் வால்வையும் துருப்பிடிக்கச் செய்யும். உர மூட்டைகளை ஏற்றியபோது சிந்தும் யூரியா, பொட்டாஷ் ஆகியவற்றாலும் இதே கெடுதல் உண்டு. டயரில் உப்புப் பூப்பது அடிக்கடி தென்பட்டால் அந்த நிலத்தின் மண்ணையும் கிணற்று நீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் ஆய்வு செய்து பார்ப்பது அவசியம்.

மங்கலான சாம்பல் நிறம் தேய்மானத்தைக் காட்டுவது. சரளை நிலத்தில் உராய்ந்து மேற்பரப்பு சொரசொரப்பானால் ஒளி சிதறி, கறுப்பு ரப்பரே சாம்பலாகத் தெரியும். இத்துடன் வெடிப்புகளும் இருக்குமானால் மட்டுமே கவலை கொள்ள வேண்டும்.

வேறுபடுத்தி அறிய எளிய சோதனைகள்

1. ஈரமான வெள்ளைத் துணியால் டயரைத் துடைத்து, துணியை வாளி நீரில் அலசுக. சிறிது நேரத்தில் வாளியின் அடியில் செந்நிற வண்டல் தங்கினால் அது மண்.

2. மண் நீங்கிய பிறகும் பக்கச் சுவரில் திட்டுத் திட்டாக இல்லாமல் சீராகப் பழுப்பு இருந்தால், அல்லது சில நாட்களில் திரும்பத் தோன்றினால், அது காப்புப் படலம். அப்படியே விட்டுவிடலாம்.

3. வெண்மைமீது தண்ணீர் தெளித்தால் கரைந்து மறைந்து, காய்ந்ததும் ஓரங்களில் கோடாகப் பூத்தால் அது உப்பு. தண்ணீரில் கரையாமல், விரலால் தேய்த்தால் வழவழப்பாக விலகினால் மெழுகு.

4. எந்த நிறமாயினும் கடைசியாக வெடிப்பைத் தேடுக. பக்கச் சுவரிலும் பட்டன்களின் அடியிலும் மண்ணை நீக்கிப் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற மேலோட்டமான கோடுகள் வயதைக் காட்டுவன. நகம் இறங்கும் ஆழமுள்ள வெடிப்பாயின் டயர் கடையில் காட்டுக. உள்ளிருக்கும் நூல் தெரிந்தால் அந்த டயரைக்கொண்டு டிரெய்லர் இழுத்துச் சாலையில் செல்லக் கூடாது.

கறுப்பாக்கப் போய்க் கெடுப்பது

டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், கழித்த ஆயில் ஆகியவற்றை டயரில் தடவவே கூடாது. பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பருக்குள் ஊறி அதை உப்பச் செய்து, பிடிப்பைத் தளர்த்துகின்றன. அத்துடன், மேலே வந்து காத்து நிற்கும் மருந்தையும் மெழுகையும் கரைத்து எடுத்துவிடுகின்றன. டயர் அன்றைக்குக் கறுப்பாகத் தெரியும். ஆனால் ஓசோனும் வெயிலும் நேராக ரப்பரைத் தாக்க வழி பிறக்கும். எண்ணெய்ப் பசையில் புழுதி முன்னிலும் கூடுதலாக ஒட்டுவதால், சில நாட்களில் டயர் முன்பிருந்ததைவிட அசிங்கமாகிவிடும். கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், காரமான சலவைத் தூளை அடிக்கடி பயன்படுத்துவதும் இதே காரணத்தால் நல்லதல்ல. உழவின்போது எதிர்பாராமல் டீசலோ ஆயிலோ சிந்தினால் உடனே சோப்பு நீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஆயுத பூஜைக்கு டயர் சுத்தமாக இருக்க வேண்டுமானால் வெறும் தண்ணீரும் நார்த் தூரிகையும் போதும். பிடிவாதமான கறைக்குச் சிறிது மென்மையான சோப்பு நீர் சேர்க்கலாம். அதன்பின் பொட்டு வைத்தால் பழுப்பு டயரும் விளங்கும்.

மண்ணை எப்போது, எங்கே கழுவுவது?

நிறத்துக்காகக் கழுவ வேண்டியதில்லை. ஆனால் மண்ணை நீக்க வேறு முக்கியமான காரணங்கள் உண்டு. வாடகை டிராக்டர் ஒரே நாளில் மூன்று நான்கு பேர் நிலங்களில் இறங்குகிறது. டயரில் ஒட்டிய மண்ணோடு கோரைக் கிழங்கும் பார்த்தீனிய விதையும் ஊர் ஊராகப் பயணம் செய்கின்றன. மணிலாப் பயிரைத் தாக்கும் தண்டு அழுகல் நோய்ப் பூசணம் மண்ணில் கடுகளவு உருண்டைகளாக ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நோய் கண்ட நிலத்தின் மண் ஒரு கூடையளவு டயரோடு வந்தாலும் நோயில்லாத நிலத்தில் அதன் விதை விழுந்துவிடும். எனவே ஒரு நிலத்தை விட்டு வெளியேறும்போது அங்கேயே, வரப்போரத்தில், ஒரு கட்டையால் பள்ளங்களிலுள்ள மண்ணைத் தள்ளிவிட்டுப் புறப்பட வேண்டும். உழவு ஓட்டச் சொல்லும் நிலக்காரரும் டிராக்டர் இறங்குமுன் டயரை ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. நோயுள்ள நிலத்தைக் கடைசியாக உழும்படி ஏற்பாடு செய்துகொள்வதும் நன்று.

சாலைப் பாதுகாப்பு மற்றொரு காரணம். வடகிழக்குப் பருவமழைக் காலமும் கார்த்திகை தீபமும் ஒன்றாக வருகின்றன. அந்நாட்களில் செங்கம் சாலை, திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை எங்கும் வண்டியும் மக்களும் நிறைந்திருப்பார்கள். டிராக்டர் டயரிலிருந்து தார்ச் சாலையில் விழும் களிமண் தூறல் பட்டதும் எண்ணெய்போல் வழுக்கும். இரு சக்கர வண்டியில் வருபவர் சறுக்கி விழ அது போதும். வெறுங்காலோடு நடப்பவருக்கும் ஆபத்து. வயலை விட்டு ஏறும் இடத்திலேயே மண்ணைத் தட்டிவிடுவது பெரிய வேலையல்ல.

கழுவுமிடம் ஏரியாகவோ குளமாகவோ இருத்தல் கூடாது. டயரோடு கிரீஸும் ஆயிலும் தண்ணீரில் கலக்கும். அதுமட்டுமல்ல, டயரைக் காக்கும் 6பிபிடி மருந்து ஓசோனோடு சேர்ந்து மாறும்போது உண்டாகும் ஒரு பொருள், மழைநீரோடு ஓடைகளில் கலந்து கோஹோ சால்மன் என்னும் மீன்களைக் கொல்வதை 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த மீன் நம் ஏரிகளில் இல்லை. எனினும் மாடு குடிக்கும் நீரையும் மீன் வளரும் நீரையும் டயர் கழுவப் பயன்படுத்தாதிருப்பதே முறை. களத்துமேட்டின் ஓரத்தில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, நீர் மண்ணில் சுவறும் இடத்தில் கழுவலாம்.

நிறுத்தி வைக்கும்போது

ஓடும் டயரைவிட ஓடாமல் நிற்கும் டயரே விரைவில் வெடிக்கிறது. ஓட்டமில்லாதபோது மருந்து மேலே வருவது மந்தமாகிறது. ஒரே இடம் சுமையில் அழுந்தி இழுபட்டபடி நிற்கிறது. கரும்பு அரவை முடிந்தபின் பல மாதம் வெயிலில் நிற்கும் டிரெய்லர் டயர்களில் இதைத் தெளிவாகக் காணலாம். ஆகவே டிரெய்லரைச் சுமையின்றி நிழலில் நிறுத்த வேண்டும். அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி வைப்பது மிக நல்லது. இயலாவிட்டால் இரண்டு வாரத்துக்கொரு முறை சற்று நகர்த்தி, தரையில் படும் இடத்தை மாற்றுக. காற்றைக் கையேட்டில் கண்ட அளவில் வைத்திருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடங்கும். வெல்டிங் செய்யும் இடத்தில் மின்பொறியால் ஓசோன் உண்டாகிறது. அதன் அருகே டயர்களை அடுக்கி வைக்க வேண்டாம்.

பழைய டயர் வாங்குவோர் கவனிக்க

புதிது வாங்க வசதியில்லாமல் பழைய டயரோ பழைய டிராக்டரோ வாங்குவோர் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கிய டயரில் வெடிப்புகள் மறைந்துவிடும். சோப்பு நீரில் ஒருமுறை கழுவிக் காட்டச் சொல்லுங்கள். பட்டனை இருபுறமும் அழுத்தி வளைத்து அடியில் வெடிப்பு விரிகிறதா என்று பாருங்கள். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் செய்யப்பட்ட பெரும்பாலான டயர்களின் பக்கச் சுவரில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிப்பவை. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் உயரமாக இருந்தாலும் பல ஆண்டு வெயிலில் கிடந்த டயர் உழைக்காது.

சுருங்கக் கூறின், சிவப்பு நிலத்தின் நிறம். துரு சேற்றின் நிறம். சீரான பழுப்பு டயரின் காப்புப் படலம். இவற்றுக்கு மருந்து வேண்டியதில்லை. வெடிப்பு ஒன்றே உண்மையான எச்சரிக்கை. வாரம் ஒருமுறை மண்ணைத் தட்டிவிட்டு டயரைச் சுற்றி ஒரு நோட்டம் விடுவதற்குப் பத்து நிமிடம் செலவிட்டால், எண்ணெய் தடவிப் பெற முடியாத ஆயுளை டயருக்குப் பெற்றுவிடலாம்.